திரும்பத் திரும்ப ஏலம் போன காபூல் விரிப்பு

எங்கள் சபையின் போன அறுப்புப் பண்டிகைக்கு முந்தின வெள்ளிக்கிழமை காபூலிலிருந்து மர்வா போன் செய்தாள். அவள் குழந்தைக்கு நிமோனியா. மருந்தை வெளியே வாங்கி வந்தால்தான் ஊசி போடுவோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். "அக்கா, துணி வித்துச்சா?" என்று கேட்டாள். விற்பதற்கு என்னிடம் ஒரே ஒரு துணிதான் இருந்தது.

மர்வா கும்மிடிப்பூண்டிப் பக்கம் கல்லூரியில் படித்தவள். அவள் தங்கியிருந்த விடுதியில் நான் சமையல்காரி. ஊருக்குத் திரும்பியபின், அங்கே பெண்களுக்கு வேலை இல்லை என்றாகிவிட, அக்கம்பக்கத்துப் பெண்களோடு வீட்டுக்குள்ளேயே துணியில் பூவேலை செய்தாள். டெல்லிக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவாள். நான் சபையிலும் பொன்னேரியிலும் விற்று, டெல்லியிலிருக்கும் அவள் மாமா மூலம் பணம் அனுப்புவேன். அந்த முறை மூட்டையை வழியிலேயே பறித்துக்கொண்டார்கள். கொண்டுவந்தவர் ரொட்டி சுற்றி வைத்திருந்த மேசை விரிப்பு மட்டும் தப்பியது.

விடுதி ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைமேல் தலை வைத்து அழுதேன். "ஆண்டவரே, ஒரு துணியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? நீரே பாரும்" என்றேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும், காணிக்கையாக வந்த பூசணி, கோழியோடு அந்த விரிப்பையும் ஏலத்துக்கு வைத்தோம். "வேற மதத்துக்காரங்க தச்சத இங்க கொணாந்து வெக்கணுமா?" என்று ஒரு பெரியவர் முகம் சுளித்தார். போதகர் குழந்தையின் நிலைமையைச் சொன்னார். தேர்வாய் கண்டிகை கம்பெனியில் லோடு இறக்கும் செல்வராணி ஏலம் எடுத்தாள். பணத்தை வைத்துவிட்டு விரிப்பைத் திருப்பி நீட்டினாள்.

"எங்கூட்ல மேசையே இல்ல பாஸ்டர். இத வச்சிக்கினு நான் இன்னா பண்றது? மறுபடி ஏலம் வுடுங்க."

எங்கள் சபையில் கோழியை இப்படித் திருப்பி ஏலம் விடுவது உண்டு. துணியை விட்டதில்லை. அடுத்து அத்திப்பட்டில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் எடுத்தார். அவரும் திருப்பிக் கொடுத்தார். அதன்பின் அது கை மாறிக்கொண்டே இருந்தது. எல்லோரும் சம்பளம் ஒழுங்காக வராத சனங்கள். முகம் சுளித்தவர் கடைசிவரை ஏலம் கேட்கவில்லை. கேட்காவிட்டால் போகட்டும், ஆண்டவர் அவர் இல்லாமலே காரியத்தை முடித்தார்.

சேர்ந்த பணத்தை அன்றே அவள் மாமா மூலம் அனுப்பினேன்; திங்கட்கிழமை மருந்து வாங்கினார்கள். புதன்கிழமை மர்வா பேசினாள். "அக்கா, பாப்பா பால் குடிச்சா." நான் கரண்டியும் கையுமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்துக் கட்டில் குழந்தை அன்று காலை இறந்துபோனதாம். அதன் தாயும் தொழுதுகொண்டுதான் இருந்தாளாம். ஆனாலும் ஸ்தோத்திரம் சொல்கிறேன். இப்போதெல்லாம் எனக்கென்று எதையும் கேட்குமுன் பெயர் தெரியாத அந்தத் தாய்க்காகக் கேட்கிறேன்.

சகோதரிகளே, உங்கள் கையிலும் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருக்கலாம். அதைக் கொண்டுபோய் ஆண்டவர் முன் வையுங்கள். தைரியம் வந்தபின் நம்பலாம் என்று காத்திராதீர்கள். அழுதுகொண்டாவது நம்புங்கள்.