குழாய்த் தண்ணீரும் என் குரலும்

சீனர்களுக்கும் மலாய்க்காரர்களுக்கும் கலவரம் நடந்த அந்த ஆண்டில் நான் வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்துக்கொண்டிருந்தேன். ஊரடங்கு போட்டிருந்த நாட்களில் நிலையத்து வேன் வந்து என்னை ஏற்றிப்போகும். வாசித்து முடித்ததும் கொண்டுவந்து விடும். சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில், ஒரு கடைவீட்டின் மாடியறையில் நானும் மனைவியும் குடியிருந்தோம். கீழே முன்புறம் மளிகைக் கடை. நடு முற்றத்தில் ஒரே குழாய். நாங்கள், கடைக்காரர், சில சீனக் குடும்பங்கள், பின்கட்டில் ஒரு மலாய்க் குடும்பம், எல்லாருக்கும் அதுதான் தண்ணீர்.

அங்கே வானொலி என்றால் சர்க்கார், சர்க்கார் சொன்னால் சரி. கடைக்காரர் என்னைக் கண்டால் எழுந்து நிற்பார். "சார் சொன்னா சர்க்கார் சொன்ன மாதிரி லா" என்பார். எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

ஊரடங்கின்போது ஒரு காலையில், குழாய்த் தண்ணீரில் விஷம் கலந்துவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பியது. யார் கலந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். எங்கள் வீட்டில் எல்லார் பார்வையும் மெல்லப் பின்கட்டுப் பக்கம் திரும்பியது. நண்பகல் செய்தியில் மறுப்பு வந்தது. நானே வாசித்தேன்: "குடிநீர் பாதுகாப்பாக இருக்கிறது. வதந்திகளை நம்ப வேண்டாம்."

வீடு திரும்பியபோது முற்றத்தில் வாளிகள் கவிழ்ந்து கிடந்தன. குழாயைச் சுற்றி ஆண்கள் நின்றார்கள்.

"ரேடியோ கேட்கலையா?" என்றேன்.

"கேட்டோம் சார்," என்றார் கடைக்காரர். "சர்க்கார் அப்படித்தானே சொல்லும்? ஜனங்க பயந்துடக் கூடாதில்ல?"

மாடிக்குப் போய், குழாயில் பிடித்துவைத்த தண்ணீரைச் செம்போடு எடுத்து ஒரு வாய் குடித்தேன். கசந்தது. சற்று முன்புதான் ஊருக்கே தைரியம் சொன்ன வாய் அது. அந்த வதந்தியை நான் ஒரு கணமும் நம்பவில்லை என்றே நினைத்திருந்தேன். ஆனாலும் அது எனக்குத் தெரியாமல் உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறது. செம்பைக் கீழே வைத்துவிட்டேன்.

மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னங்க, கசக்குதா?"

"ஆமா. உனக்கு?"

"நான் இன்னும் குடிக்கல. இருங்க, வர்றேன்."

அவள் இறங்கிப் போனாள். நானும் பின்னால் போனேன். குழாயடியில் நின்றவர்களைத் தாண்டி நேராகப் பின்கட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினாள். மலாய்ப் பெண் கதவைக் கொஞ்சமாகத் திறந்தாள். புருஷன் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டதால் தனியாக இருந்தாள். முகத்தில் பயம் தெரிந்தது. இடுப்பில் குழந்தை, கையில் பால்மாவு கரைத்த புட்டி. இது எந்தத் தண்ணீர் என்று என் மனைவி கடைத்தெருவில் புழங்கும் பசார் மலாயில் கேட்டாள். அந்தப் பெண் குழாயைக் காட்டினாள். வேறு எங்கே போவேன் என்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, கதவை அகலத் திறந்துவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்தாள். குழந்தை குடித்து முடிக்கும்வரை என் மனைவி பக்கத்திலேயே நின்றாள்.

அப்புறம் குழாயைத் திறந்து, இரண்டு கைகளிலும் பிடித்துத் தாகம் தீரக் குடித்தாள்.

"எப்படிம்மா தைரியம் வந்துச்சு?" என்றார் கடைக்காரர்.

"பெத்த பிள்ளைக்கு இதைத்தான் குடுக்கிறாங்க. கண்ணால பாத்தேன். நீங்களும் போய்ப் பாருங்கண்ணே."

உடனே யாரும் அசையவில்லை. கடைசியில் ஒரு சீனத் தச்சர், தமிழ் ஒரு சொல்லும் தெரியாதவர், வாளியை நிமிர்த்திக் குழாயடியில் வைத்தார். ஒவ்வொருவராக வந்தார்கள். கடைக்காரர் பின்கட்டு வரைக்கும் போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். மறுநாள் அந்த வீட்டுக்கு ஒரு டின் பால்மாவு கொடுத்தனுப்பினார்.

"நான் குடிச்சது நீங்க வாசிச்சதுக்காக இல்லைங்க. கோவிச்சுக்காதீங்க," என்றாள் மனைவி, மாடிக்கு வந்ததும்.

"அப்ப நான் வாசிச்சது பொய்யா?"

"பொய்யில்ல. ஆனா அதை யாரு சொல்றாங்கன்னே நீங்க சொல்லலையே. ஆகாசத்துலேர்ந்து வந்த மாதிரி இருந்துச்சு. யாரு சொல்றாங்கன்னு தெரிஞ்சாத்தானே, நம்புறதா வேணாமான்னு நாம முடிவு பண்ண முடியும்?"

எனக்குச் சுருக்கென்றது. ஆங்கில மூலத்தில் 'அதிகாரிகள் கூறினர்' என்று இருந்தது. தமிழாக்கியபோது வாக்கியம் இழுக்கிறதே என்று நான்தான் அதை வெட்டியிருந்தேன். அதன்பிறகு வெட்டவில்லை. வாக்கியம் நீளுகிறது என்று மேலதிகாரி ஒருமுறை குறைப்பட்டார். "நீளட்டும் சார், கேக்கிறவங்களுக்கு யாரு சொன்னதுன்னு தெரியணும்" என்றேன். சிரித்துவிட்டு விட்டுவிட்டார். அவருக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

பிறகு பல ஆண்டுகள் வாசித்தேன். நானே போய்ப் பார்த்து உறுதி செய்ய முடியாத எத்தனையோ செய்திகள். யார் சொன்னது என்று சேர்த்துச் சொல்லி அவற்றைக் கூச்சமில்லாமல் வாசிக்க முடிந்தது என்றால், அந்தத் தைரியம் என் மனைவி கொடுத்தது. பயப்பட எல்லாக் காரணமும் இருந்தும் அன்று கதவை அகலத் திறந்த அந்தத் தாய் கொடுத்ததும்கூட. ஊரடங்கு எடுத்த பின் அவள் குழந்தை எங்கள் மாடிப்படியில்தான் தவழக் கற்றது. தோசை வார்க்கும் வாசம் வந்தால் போதும், மேலே வந்துவிடும்.