கீபோர்டைத் தொடாத கௌதமி

போன திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணி இருக்கும். எங்கள் பட்டறைக்கு வந்திருந்த ஓர் அம்மாவின் காலுக்கு மாவுக்கட்டு மாவு பூசி அச்சு எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் கைப்பேசி அதிர்ந்தது. கௌதமி அவர்களின் பெயர். அந்த நேரத்தில் அவர் அழைத்தால் ரயில் பெங்களூர் கண்டோன்மெண்டை நெருங்குகிறது என்று பொருள். முழங்கையால் ஸ்பீக்கரை அழுத்தி, "சொல்லுங்க மேடம்" என்றேன்.

"சேகர், நான் மாணிக்கம் பேசறேன்ப்பா. பாப்பா போயிட்டா" என்றார் அவருடைய அப்பா.

ரயிலுக்குக் கிளம்பும்போது வீட்டு வாசலிலேயே சாய்ந்துவிட்டாராம். மூளையில் ரத்தக்கசிவு. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கிறது. அவருக்கு நாற்பத்தாறு வயது. மாவு இறுகும்வரை நான் கையை எடுக்க முடியாது, எடுத்தால் அச்சு கெட்டுவிடும். அந்த ஐந்து நிமிடமும் அந்த அம்மாவின் காலைப் பிடித்தபடியே நின்றேன். அவர் தன் முந்தானையை எடுத்து என் முகத்தைத் துடைத்துவிட்டார்.

கௌதமி அவர்களை அறியாதவர்களுக்காக முதலில் சில வரிகள். அவர் கோலார் தங்கவயலில் பிறந்தவர். அப்பா சுரங்கத் தொழிலாளி. பெங்களூரில் ஒரு கம்பெனியில் சர்வர்களைப் பராமரிக்கும் வேலை. இருபது வருஷத்துக்கும் மேலாக, தினமும் தங்கவயலை ஒட்டிய மாரிக்குப்பத்திலிருந்து ரயிலில் வந்து ரயிலிலேயே திரும்பியவர். நான் பெங்களூர் மர்பி டவுனில் ஓர் அறக்கட்டளை நடத்தும் செயற்கைக்கால் பட்டறையில் கால் செய்பவன். அங்கே கம்ப்யூட்டரும் என் பொறுப்புதான். வேறு ஆள் இல்லாததால் என் தலையில் விழுந்த பொறுப்பு அது.

பத்து வருஷத்துக்கு முன்னால் மாணிக்கம் ஐயாவைப் புதுக் காலுக்காக அழைத்து வந்தார். சுரங்கத்துக்குள் தள்ளுவண்டி மோதி, முழங்காலுக்குக் கீழே ஒரு காலை இழந்தவர் ஐயா. நான் அளவெடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்ற உட்கார்ந்தேன். பாதியில் நின்றுபோனது. அணைத்துப் போட்டு மறுபடி ஏற்றினேன். மறுபடி நின்றது. மூன்றாம் தடவை அளவுகளை ஒரு காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

"தினமும் இப்படித்தானா அண்ணா?" என்று பின்னாலிருந்து கேட்டார்.

"வைரஸ்னு சொல்றாங்க மேடம். ஒருத்தர் வந்து க்ளீன் பண்ணுவாரு. ரெண்டு மாசத்துல திரும்ப வந்துடும்."

"சனிக்கிழமை வரேன். இந்த சிஸ்டத்தை எடுத்துட்டு லினக்ஸ் போட்டுடலாம்" என்றார். அந்தச் சொல்லை அன்றுதான் முதன்முதலில் கேட்டேன். ஏதோ மருந்தின் பெயர் போலிருந்தது.

சனிக்கிழமை ஒரு பென் டிரைவோடு வந்தார். நான் எழுந்து நாற்காலியைக் கொடுத்தேன். அவர் மாவு வாளி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். "நீங்களே உக்காருங்க அண்ணா. நான் டைப் பண்ணா இது என்னோட மிஷின் ஆயிடும். அப்புறம் நான் இல்லாதப்ப இதைத் தொட பயப்படுவீங்க."

பழைய கோப்புகளையெல்லாம் முதலில் வெளியே ஒரு டிஸ்கில் எடுத்து வைக்கச் சொன்னார். பிறகு ஒவ்வொரு படியாகப் போனோம். ஓரிடத்தில், தொடர்ந்தால் இந்த டிஸ்கில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்று திரை எச்சரித்தது. என் விரல் எண்டர் பொத்தானுக்கு மேலேயே நின்றுவிட்டது.

"பயமா இருக்கா?"

"ஆமா மேடம்."

"இருக்கட்டும். இந்த இடத்துல எனக்கும் இன்னும் பயம்தான். மேல இருக்கறத இன்னொரு தடவை படிச்சிட்டு அழுத்துங்க."

சாயங்காலத்துக்குள் புது சிஸ்டம் ஓடியது. பிரிண்டர் மட்டும் முரண்டு பிடித்து மறுநாள்தான் வழிக்கு வந்தது. கிளம்பும் முன் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கையில் கொடுத்து, அன்று அடித்த கட்டளைகளையெல்லாம் எழுதச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் கீழே, அது என்ன செய்கிறது என்று என் சொந்த வார்த்தையில் எழுத வேண்டும். டிஸ்கில் எவ்வளவு இடம் மிச்சம் என்று காட்டும் கட்டளைக்குக் கீழே "அரிசி டின்னைத் திறந்து பார்" என்று எழுதினேன். படித்துவிட்டு வெகுநேரம் சிரித்தார். மாற்றச் சொல்லவில்லை. நிர்வாகிக்கான அதிகாரம் பற்றி அவர் சொன்னதும் அதே பக்கத்தில் இருக்கிறது: "ரூட்டா உள்ள போனா உங்களை யாரும் தடுக்க மாட்டாங்க. வேலை முடிஞ்ச உடனே வெளிய வந்துடுங்க."

அதன்பிறகு எங்கள் பழக்கமெல்லாம் போனில்தான். அவர் ரயிலில் இருப்பார், நான் திரைக்கு முன்னால் இருப்பேன். கடலை விற்பவரின் குரலும் சீட்டாடுபவர்களின் குரலும் சேர்ந்தே கேட்கும். "சொல்ப இருங்க அண்ணா, பங்காருப்பேட்டை வருது, ஏறுறவங்க ஏறட்டும்" என்பார்; 'சொல்ப' என்றால் கன்னடத்தில் கொஞ்சம். அவர் ஒரே ஒரு விஷயத்தில்தான் கண்டிப்பு.

"என்னமோ பர்மிஷன் இல்லைங்குது மேடம்" என்று ஒருமுறை சொன்னேன்.

"என்னமோ வேணாம் அண்ணா. உங்களுக்குப் புரிஞ்சதைச் சொல்லாதீங்க. திரையில இருக்கறத அப்படியே படிங்க."

எனக்கு ஆங்கிலம் அவ்வளவு ஓடாது. எழுத்தெழுத்தாகப் படிப்பேன். ஒருநாளும் அவர் அவசரப்படுத்தியதில்லை. நான் படித்து முடிப்பதற்குள் இரண்டு ஸ்டேஷன் தாண்டிவிடும்.

அடுத்து வருவதை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதாவிட்டால் அவரைப் பற்றி நான் ஒன்றுமே சொல்லாதது போலாகிவிடும்.

நான்கைந்து வருஷம் போனபின் எங்கள் டிஸ்க் டிக் டிக்கென்று சத்தம் போட ஆரம்பித்தது. புது டிஸ்க் வந்தது. ஒரு சனிக்கிழமை அவர் வந்து, என்னைக்கொண்டே அதைப் பொருத்தவைத்தார். அன்று கரண்ட் போய்விட்டதால் பழையதைப் புதியதில் நகலெடுக்கும் வேலை தள்ளிப்போனது. செவ்வாய்க்கிழமை காலை ரயிலிலிருந்து அழைத்தார். பெட்டியில் நல்ல கூட்டம், நின்றபடிதான் பேசுகிறேன் என்றார். பென் டிரைவிலிருந்து இயந்திரத்தைக் கிளப்பச் சொன்னார். "சனிக்கிழமை பார்த்தேன்ல அண்ணா. பழசு ஏ, புதுசு பி. ஏ-லேர்ந்து பி-க்கு. அடிங்க."

அன்று மட்டும் அவர் என்னைப் படிக்கச் சொல்லவில்லை. நானும் படிக்கவில்லை. ஒவ்வொரு முறை இயந்திரம் எழும்போதும் டிஸ்குகளின் பெயர்கள் இடம் மாறக்கூடும் என்பது அவருக்குத் தெரியும். எனக்கு அன்று தெரியாது. அன்று அவை மாறியிருந்தன. காலியான புது டிஸ்க், நிறைந்திருந்த பழைய டிஸ்கின் மேல் நகலாகிக்கொண்டே இருந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு வேலை முடிந்தது. இயந்திரத்தை மறுபடி கிளப்பினால் கறுப்புத் திரை.

ஆபீஸ் முடிந்ததும் நேராகப் பட்டறைக்கு வந்தார். பென் டிரைவிலிருந்து கிளப்பவைத்து, திரையில் வந்த டிஸ்குகளின் பெயர்களை நான் படிக்கப் படிக்கக் கேட்டார். "நான் தப்பா சொல்லிட்டேன் அண்ணா" என்றார். பிறகு, "சனிக்கிழமை காப்பி இருக்கில்ல?" என்று கேட்டார்.

சனிக்கிழமைதோறும் வெளி டிஸ்கில் ஒரு நகல் எடுக்க வேண்டும் என்பது அவர் வைத்த ஏற்பாடு. போனில் கேட்கும்போதெல்லாம் "எடுத்தாச்சு மேடம்" என்று சொல்லிவந்தேன். ஆனால் எட்டு மாசமாக நான் எடுக்கவில்லை. முதலில் ஒரு வாரம் வேலை அதிகம் என்று விட்டேன், அடுத்த வாரம் மறந்தேன், அதன்பின் பொய் பழகிவிட்டது. இருக்கிறது என்று சொல்லி டிஸ்கை அவர் கையில் கொடுத்தேன். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு மறுநாள் திருப்பிக் கொடுத்தார்.

"எட்டு மாசத்துக்கு முந்தி வரைக்கும்தான் இருக்கு அண்ணா."

"டிஸ்க் கெட்டுப்போச்சோ என்னமோ மேடம்."

"இருக்கலாம்" என்றார்.

அறக்கட்டளையின் செயலாளர் ஃபிலோமினா அம்மாவிடம் அவரே போய்ப் பேசினார். தவறான டிஸ்கின் பெயரைச் சொன்னது தான்தான் என்றார். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் கதவருகே நின்றிருந்தேன்.

எட்டு மாசத்தில் கால் அளவு கொடுத்தவர்கள் இருநூறு பேருக்கு மேல். அளவு இல்லையென்றால் அவர்கள் மறுபடி ஊரிலிருந்து வர வேண்டும். பாதிப் பேர் கோலார் பக்கத்துக்காரர்கள், ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வர முடியாதவர்கள். வாசலில் இருந்த வருகைப் பதிவேட்டில் பெயரும் போன் நம்பரும் இருந்தன. கௌதமி அவர்கள் ஒவ்வொருவரையும் அழைத்துப் பேசினார். கோலார் பக்கத்தவர்களை ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கவயலில் இருக்கும் தன் வீட்டுக்கு வரச் சொன்னார். வர முடியாதவர்கள் வீட்டுக்கு நாங்களே போனோம்.

"எனக்கு அளவெடுக்கக் கத்துக்குடுங்க அண்ணா. பொம்பளைங்களுக்கு நான் எடுக்கறேன்" என்றார். முதலில் டேப்பை இழுத்துப் பிடித்தார். டேப் தோலைத் தொட்டால் போதும், இறுக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தேன். மாணிக்கம் ஐயா தன் காலைக் கழற்றிவைத்து, மகள் பழகுவதற்காகப் பொறுமையாக நீட்டிக்கொண்டிருந்தார். இரண்டு ஞாயிறில் கற்றுக்கொண்டார். அவர் தரையில் மண்டியிட்டு அளவைச் சொல்லுவார், நான் லேப்டாப்பில் ஏற்றுவேன்.

வந்த ஒவ்வொருவரிடமும் டேப்பை எடுக்கும் முன்பு ஒன்று சொன்னார். "என் தப்பால உங்க அளவு அழிஞ்சுபோச்சு. மன்னிச்சிடுங்க." சிலர் பரவாயில்லை என்றார்கள். தக்காளி மண்டியில் வேலை செய்யும் ஒரு பெண், "உங்களுக்கு இன்னா, நாங்கதானே அலையணும்" என்றார். கௌதமி அவர்கள் தலையசைத்து, "ஆமாம்மா, நீங்கதான் அலையறீங்க" என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்து டைப் செய்துகொண்டிருந்தேன்.

நாற்பது பேர் ஆகியிருப்பார்கள். அதற்குமேல் அந்த வார்த்தையைக் கேட்க என்னால் முடியவில்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்து, அவர் கை கழுவிக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"மேடம், காப்பி நான் எடுக்கலை. எடுத்தேன்னு பொய் சொல்லிட்டிருந்தேன்."

"தெரியும் அண்ணா. டிஸ்க்ல ஒரு கெடுதலும் இல்லை. கடைசியா எப்ப எழுதினதுன்னு அதுலயே தேதி இருந்துச்சு."

"அப்ப ஏன் மேடம் ஃபிலோமினா அம்மாகிட்ட சொல்லலை?"

துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "சொல்லியிருந்தா அதுக்கப்புறம் ஒரு பிரச்சனைன்னா நீங்க எனக்கு போன் பண்ண மாட்டீங்க. நீங்களே எதையாவது மறைச்சு சரி பண்ணப் பார்ப்பீங்க. அது இதைவிட மோசமாப் போகும். அதுவும் இல்லாம, அந்தப் பேரைச் சொன்னது நான்தானே. நீங்க காப்பி எடுத்திருந்தாலும் அது தப்புதான்."

மறுநாள் ஃபிலோமினா அம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "சரி சேகர். இனிமே எடுங்க" என்றார்.

ஐந்து மாசத்தில் எல்லா அளவுகளும் திரும்ப ஏறின. இப்போது இயந்திரம் தானாகவே நகல் எடுத்துக்கொள்கிறது. ஆனாலும் மாசத்துக்கு ஒருமுறை கௌதமி அவர்கள் அழைப்பார். "எடுத்தாச்சான்னு கேக்கலை அண்ணா. அதுலேர்ந்து யாராவது ஒருத்தரைத் திறந்து எனக்குப் படிச்சுக் காட்டுங்க" என்பார். நான் படிப்பேன். பெயர், ஊர், சுற்றளவு, நீளம். "அவங்க பொண்ணு ஸ்கூல் போகுதா?" என்று கேட்பார். அளவெடுத்த எல்லோரையும் நினைவில் வைத்திருந்தார்.

போன செவ்வாய்க்கிழமை அடக்கத்துக்குத் தங்கவயலுக்குப் போனேன். சுரங்கத்து வரிசை வீடுகளின் சந்து முழுக்க ஆட்கள். சொந்தக்காரர்களும் ரயில் சிநேகிதர்களும் போக, ஒருவரையொருவர் அறியாத பலர் ஆளுக்கொரு பக்கம் நின்றிருந்தார்கள். ஒக்கலிபுரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஓர் அம்மா. ரிச்சர்ட்ஸ் டவுனில் பெண்கள் விடுதி நடத்தும் ஒரு சிஸ்டர். மாலூரிலிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார். பேசிப் பார்த்தபோது எல்லோரிடமும் அவர் கையால் கொடுத்த ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. அவரிடம் சந்தேகம் கேட்பவன் நான் ஒருவன்தான் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அந்த ஜெராக்ஸ் கடை அம்மாவும் அப்படியே நினைத்திருந்ததாகச் சொல்லி அழுதார்.

புத்த விகாரையிலிருந்து வந்தவர்கள் பஞ்சசீலம் சொல்லி முடித்தார்கள். பெட்டியைத் தூக்கினார்கள். மாணிக்கம் ஐயாவை ஆட்டோவில் ஏறச் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. நடந்துதான் வருவேன் என்றார். நான் அவர் பக்கத்தில் போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். காலையிலிருந்து நின்றபடியே இருந்ததில் கால் வீங்கி, செயற்கைக்காலின் சாக்கெட் அதைக் கடித்துக்கொண்டிருந்தது. எனக்கு அது அவர் நடையிலேயே தெரிந்தது.

"அவ போன்ல பேசறது எனக்கு ஒண்ணும் புரியாது சேகர்" என்றார். "யாரோ கேக்கறாங்க, இவ சொல்றா. அத்தோட சரி. காலைல எழுந்ததும் அந்தக் குரல் வீட்ல கேக்கும்."

கல்லறைக்குப் போகும் பாதை மேட்டில் ஏறுகிறது. நாங்கள் இருவரும் பின்தங்கிவிட்டோம். கூட்டம் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. பாதி மேட்டில் ஐயா நின்று மூச்சு வாங்கினார். அப்போது முன்னால் பறை நின்றது. பெட்டியைத் தோளில் வைத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு, அந்த வெயிலில் அப்படியே நின்றார்கள். யாரும் கீழே இறக்கவில்லை, வாங்க என்று குரல் கொடுக்கவுமில்லை. ஐயா ஓர் அடி, பிறகு இன்னோர் அடி என்று வைத்து ஏறினார். அவர் வந்து பெட்டியின் ஓரத்தில் கை வைக்கும்வரை காத்திருந்து, அதன்பிறகு அவருடைய நடைக்கு நடந்தார்கள்.

போய் வாருங்கள் மேடம். உங்கள் அப்பாவின் காலை வரும் ஞாயிறு வந்து பார்க்கிறேன்.