குழாயடி டியூஷன்

பதிமூன்று வயதிலும் என் மகளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரவில்லை, யாரோடும் பேசவும் வரவில்லை. பள்ளியை நிறுத்திவிட்டு வீட்டில் நானே சொல்லிக்கொடுத்தேன். மாலையில் மட்டும் மண்ணூர்பேட்டையில் எங்கள் பக்கத்துத் தெரு டியூஷன் அக்காவிடம் அனுப்பினேன். எந்நேரமும் முந்தானையை இடுப்பில் செருகியிருப்பார். அவர் புத்தகத்தைத் திறந்து நான் பார்த்ததே இல்லை.

ஒருநாள் சந்தேகம் தாங்காமல் மகளின் பின்னாலேயே போனேன். குழாயடி வரிசையில் அவருடைய குடங்களுக்குக் காவலாக என் மகள் நின்றிருந்தாள்.

"எம் பொண்ண வேலைக்காரி ஆக்கிட்டீங்களா?" என்று சற்றுத் தள்ளி நின்ற அக்காவிடம் கேட்டேன்.

"கம்முனு பாரும்மா. ஊட்ல குந்திகினு இருந்தா பேச்சு எப்டி வரும்?" என்றார்.

அதற்குள் ஒருத்தி தன் குடத்தை முன்னால் நகர்த்தினாள். என்னிடமே வாய் திறக்காத மகள், "எங்க கொடம்தான் மொதல்ல. பின்னாடி போக்கா" என்றாள்.

எனக்குக் கண் கலங்கியது. ஆனாலும் அந்தத் தண்ணீர் போனது அவர் வீட்டுக்குத்தான். மறுநாளும் மகளை அனுப்பினேன், கையில் எங்கள் குடம் ஒன்றையும் கொடுத்து.