நாலு பேருக்கு நாலு ஞாயிற்றுக்கிழமை

நேற்றுக் காலையில் எங்கள் அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. பராமரிப்புப் பணிக்காக நாளை காலை முதல் மாலை வரை கணபதிப் பகுதியிலும் சுற்றுப்புறங்களிலும் மின்தடை. அதற்குக் கீழே வரிசையாக அழுகிற முகங்கள். லிப்ட் ஓடுமா, ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கிறதா, வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்கள் எங்கே போவது என்று கேள்விகள். நானும் என் பங்குக்கு ஒரு அழுகிற முகத்தைப் போட்டுவிட்டேன். போட்ட பிறகுதான் எனக்கே சிரிப்பு வந்தது. கரண்ட் போனால் துள்ளிக் குதித்த வீட்டில் வளர்ந்தவள் நான்.

காரணத்தைச் சொல்கிறேன். நாங்கள் இதே கணபதியில்தான் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். அப்போதெல்லாம் இங்கே தெருவுக்குத் தெரு இரும்பு கடைகிற லேத் ஓடும். நாலு லேத்தும் ஒரு தகரக் கூரையும் இருந்தால் அதற்குப் பெயர் கம்பெனி. வெளியூர்க்காரர்கள் வந்து, "உங்க அப்பா எங்க வேலை பாக்கறாரு?" என்று கேட்டால் நான் கெத்தாகக் கம்பெனி என்பேன். அவர்களும் ஏதோ பெரிய இடம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அதைத் திருத்துகிற அளவுக்கு நான் நல்ல பெண் கிடையாது.

இன்றைக்கும் ஏதாவது சந்தில் ஒரு கம்பெனி மிச்சமிருந்தால் என் மூக்கு கண்டுபிடித்துவிடும். இரும்பைக் கடையும்போது சூடு ஏறாமல் இருக்கப் பால் மாதிரி ஒரு எண்ணெய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். சுட்ட இரும்பும் அந்தத் தண்ணீரும் சேர்ந்த வாசனைதான் அப்பா. குளித்தாலும் போகாது. அவர் செருப்பின் அடியில் இரும்புச் சுருள்கள் குத்தி நிற்கும். அதோடு உள்ளே வந்துவிட்டால் சிமெண்ட் தரையில் கீறல் விழும், வெறுங்காலோடு நடக்கிற எனக்குப் பாதத்தில் ஏறும். செருப்பை வாசலுக்கு வெளியிலேயே கழற்றும்படி அம்மா சொல்லாத நாள் இல்லை.

அம்மாவுக்கு மில் வேலை. நூல் சுற்றுகிற ரீலிங்கில் இருந்தார். வேலை முடிந்து வரும்போது தலையில், புருவத்தில், காதுமடலில் எல்லாம் பஞ்சுத் தூசி ஒட்டியிருக்கும். ஆக எங்கள் வீட்டில் அப்பா கறுப்பாக வருவார், அம்மா வெள்ளையாக வருவார். ஆனால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்து நான் பார்த்தது அபூர்வம்.

ஏனென்றால், அந்தக் காலத்தில் மின்சாரம் போதாது. பட்டறைகளுக்கு வாரத்தில் ஒரு நாள் கரண்ட் கிடையாது, பகுதிக்கு ஒரு கிழமை என்று முறை வைத்திருந்தார்கள். எங்கள் பகுதிக்கு வெள்ளிக்கிழமை. அதற்குப் பெயரே கரண்ட் லீவு. அதுதான் அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமை. மில் வாரம் முழுக்க ஓடும், ஆட்களுக்கு மட்டும் கிழமை மாற்றி மாற்றி லீவு. அம்மாவுக்குக் கிடைத்தது செவ்வாய். அண்ணன் ஐடிஐ முடித்துவிட்டு இரும்பு வார்க்கிற ஒரு பவுண்டரியில் சேர்ந்தான், அவனுக்குப் புதன். ஊர் உலகத்துக்கெல்லாம் பொதுவான ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் எனக்கு மட்டும்தான் வந்தது. நான் தனியாக வீட்டைப் பூட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டில் போய் டிவி பார்ப்பேன்.

சரி, சாயங்காலம் சந்தித்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்பீர்கள். அம்மாவுக்கு ஒரு வாரம் காலை சிப்ட், அடுத்த வாரம் மத்தியான சிப்ட். மத்தியான சிப்ட் என்றால் அவர் வீடு திரும்பும்போது நான் தூங்கிப் போயிருப்பேன். அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்ள வேண்டிய விஷயங்களில் பாதி என் மூலமாகத்தான் போய்ச் சேர்ந்தன. "குழம்புல உப்பே இல்லீன்னு உங்கம்மாகிட்டச் சொல்லு அம்மணி" என்று அப்பா சொல்வார். நான் அதை ஞாபகமாக மறுநாள் சொல்லும்போது அம்மா வேறு குழம்பு வைத்திருப்பார். "இதுலயா உப்பில்லே?" என்று அவர் ருசி பார்ப்பார். அந்த உப்புச் சண்டை அப்படியே ஒரு வாரம் இழுக்கும். சண்டையைக்கூட அவர்களால் நேருக்கு நேர் போட முடியவில்லை.

அம்மாவின் தங்கை வால்பாறையில் தேயிலை எஸ்டேட் லைனில் இருந்தார். அங்கே போவதும் இப்படித்தான். ஒரு தடவை அம்மாவும் நானும், இன்னொரு தடவை அப்பாவும் அண்ணனும். கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பத் திரும்ப எனக்குக் குமட்டும், ஜன்னல் சீட்டை யாரும் எனக்குத் தர மாட்டார்கள், அது வேறு கதை. நாங்கள் போய் இறங்கியதும் சித்தி எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார். "ஏனுங்கக்கா, உங்க ஊட்டுல நாலு பேருன்னு சொல்றீங்க. ரெண்டு ரெண்டு பேராத்தான் வாரீங்க. மிச்ச ரெண்டு பேரு நெசமாலுமே இருக்கறாங்களா?" என்பார். அம்மாவும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் திரும்பி வரும் பஸ்ஸில் பேச மாட்டார்.

இந்த நிலைமையில் அண்ணனுக்குப் புனேயில் ஒரு பெரிய கம்பெனியில் வேலை கிடைத்தது. இது நிஜமான கம்பெனி. வீடே சந்தோஷப்பட்டது, தனித்தனியாகத்தான். அப்பா லேத்தில் இருக்கும்போது சேதி போய் அங்கேயே டீ வாங்கிக் கொடுத்துவிட்டார். அம்மா மில்லில் மிட்டாய் கொடுத்தார். அண்ணன் பவுண்டரியில் கணக்கு முடித்துக்கொண்டு வந்தான். அவன் கிளம்ப நாலு நாள் இருக்கும்போது அம்மா என்னிடம் சொன்னார், "அவன் போறதுக்குள்ள ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, நாலு பேரும் ஒண்ணா உக்காந்து ஒரு வாய் சாப்படோணும். உங்கப்பாகிட்டச் சொல்லு." நான் சொன்னேன். அப்பா, "வெள்ளிக்கெழம லீவுதானே அம்மணி" என்றார். அண்ணனுக்குப் புதன்கிழமை ரயில்.

அப்பா ஒரு நாள் லீவு போட்டிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அவரைப் பொறுத்தவரை கரண்ட் இருக்கும்போது உட்கார்ந்திருப்பது வெந்த சோற்றைக் கொட்டுவது மாதிரி. எப்போது போகும், எப்போது வரும் என்று தெரியாத சாமான் அது. வந்தால் எழுந்து போய்விட வேண்டும். காய்ச்சலோடு படுத்திருந்தபோதுகூட, போன கரண்ட் வந்து தெருவில் லேத் சத்தம் கேட்டதும் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு போனவர் அவர். அம்மாவும் அதற்குமேல் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை அம்மா லீவில் அண்ணனுக்கு ஏதாவது செய்து கொடுப்பது என்று முடிவாயிற்று. எனக்கு அன்றைக்குக் காலையில் வயிற்று வலி வந்தது. பள்ளிக்கூடம் போக முடியாத அளவுக்கு வலி, ஆனால் படுத்துக்கொள்ள வேண்டிய அளவுக்கு இல்லை. அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனார்.

வேலைக்குப் போன அப்பா போன கையோடு திரும்பி வந்தார். வாசலில் நின்றுகொண்டு, குற்றம் செய்தவர் போல, "டிரான்ஸ்பார்மர் பொகஞ்சுபோச்சு. சாயங்காலம் ஆகும்னு ஈபிக்காரரு சொல்லிப்போட்டாரு" என்றார். அம்மா கையில் விளக்குமாறு இருந்தது. அதை அப்படியே கீழே போட்டுவிட்டார். வால்பாறை போய்விடலாமா என்று அண்ணன் கேட்டான். போய்ச் சேரவே மத்தியானம் தாண்டிவிடும், மறுநாள் ரயில். அம்மா யோசித்தார். அப்புறம், "சந்தகை செய்யலாங்க" என்றார்.

சந்தகை என்றால் மற்ற ஊரில் சேவை என்பார்களே, அதுதான். ஆனால் எங்கள் பக்கம் அதைத் தனி ஆளாகச் செய்ய முடியாது. அரிசியை ஊற வைத்து, ஆட்டி, இட்லி போல வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் மிஷினில் போட்டு அழுத்திப் பிழிய வேண்டும். சூடாகப் போட ஒரு ஆள், கைப்பிடியை முறுக்க ஒரு பலமான ஆள், கீழே தட்டுப் பிடிக்க ஒரு ஆள், தேங்காய்ப் பால் எடுக்க ஒரு ஆள். எங்கள் வீட்டில் அதைச் செய்ததே இல்லை, ஏனென்றால் அத்தனை ஆள் ஒரு நேரத்தில் இருந்ததில்லை. மிஷினும் கிடையாது. அண்ணன் போய் வீட்டுக்கார அம்மாவிடம் இரவல் வாங்கி வந்தான்.

கரண்ட் இல்லாததால் கிரைண்டர் ஓடாது. அப்பா ஆட்டுக்கல்லில் உட்கார்ந்தார். லேத்தில் அரை நூல் பிசகாமல் கடைகிறவர், மாவை வழித்துத் தள்ளத் தெரியாமல் பாதியைக் கீழே சிந்தினார். "உங்களுக்கு இரும்புதான் லாயக்கு, எந்திரீங்க" என்றார் அம்மா. "சொல்லிக் குடுத்தாத்தானே தெரியும்" என்றார் அப்பா. அவர்கள் நேருக்கு நேர் போட்ட சண்டையை நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் வேலை பறிபோன வருத்தம்கூடக் கொஞ்சம் இருந்தது. சாயங்காலம் நாலு பேரும் பூங்காவுக்குப் போகலாம் என்று அண்ணன் வேறு சொல்லியிருந்தான்.

பிழிந்து முடிக்க மத்தியானம் நன்றாகத் திரும்பிவிட்டது. நாலு தட்டு வைத்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. அந்த அறையில் நாலு பேர் உட்கார்ந்தால் கதவைச் சாத்த முடியாது. அண்ணன் நிலைப்படியில் பாதி, வெளியே பாதியாக உட்கார்ந்தான். அம்மா பரிமாறுகிறேன் என்று நின்றார். "நீங்களும் உக்காருங்கம்மா, எடுத்துப் போட்டுக்கலாம்" என்று அண்ணன் கையைப் பிடித்து இழுத்தான். அம்மா உட்கார்ந்தார். எள்ளும் வெல்லமும் போட்ட தேங்காய்ப் பாலை எல்லோருக்கும் ஊற்றினார்.

நான் இரண்டாவது வாய் எடுத்திருப்பேன். தலைக்கு மேல் பேன் சுற்ற ஆரம்பித்தது.

தெருக்கோடியில் ஒரு லேத் ஓடத் தொடங்கியது. அப்புறம் இன்னொன்று. எதிர்ச்சாரியில் கிரைண்டிங் மிஷின் கத்தியது. அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டே, "போறதுன்னா போங்க" என்றார். அப்பா, "இன்னும் கொஞ்சம் பால் ஊத்து" என்றார். தட்டில் இருந்ததைச் சாப்பிட்டார், மறுபடியும் போட்டுக்கொண்டார். அண்ணனிடம் புனேயில் சோறு கிடைக்குமா, குளிர் எப்படி என்று ஏதோ கேட்டார். அம்மா சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அவர் எழவில்லை. அப்புறம் கையைக் கழுவிவிட்டு, ஆணியில் தொங்கிய காக்கிச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, "வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் தெருமுனை வரைக்கும் கூடப் போனான். பூங்காவுக்கு நாங்கள் போகவில்லை. நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு, நிஜமாகவே வயிறு வலிக்கிற மாதிரி அழுதேன்.

மறுநாள் அம்மாவுக்குக் காலை சிப்ட். விடிவதற்கு முன்னாலேயே அண்ணனின் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு மில்லுக்குப் போய்விட்டார். நானும் அப்பாவும்தான் ஸ்டேஷனுக்குப் போய் வழியனுப்பினோம், அதுவும் அப்பாவின் மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில்.

அதற்குப் பிறகு நாலு பேரும் சேர்ந்து இருந்ததெல்லாம் கல்யாணங்களில்தான். கல்யாணத்தில் யார் உட்கார்ந்தார்கள்? அண்ணன் புனேயிலேயே வீடு வாங்கிவிட்டான், அவன் பிள்ளைகள் எங்களோடு பேசுவதற்குத் தமிழைத் தேட வேண்டியிருக்கிறது. அம்மா வேலை பார்த்த மில் மூடி, இடிந்து, அந்த இடத்தில் அடுக்குமாடிகள் வந்துவிட்டன. மில் சங்கு ஊதாததால் எங்களுக்கு முதல் சில மாதங்கள் நேரமே தெரியவில்லை. எங்கள் தெருவில் ஒரு லேத்கூட இல்லை. அப்பாவின் கம்பெனி இருந்த இடத்தில் பேக்கரி இருக்கிறது, பன் நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது எல்லோருக்கும் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையன்றே வருகிறது. அப்பா தவறிப் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன.

அம்மா என்னோடுதான் இருக்கிறார். நேற்று மதியம் பேச்சுவாக்கில், அன்றைக்கு எங்களை விட்டுவிட்டு அப்பா வேலைக்குப் போனதை இத்தனை வருடத்துக்குப் பிறகு கேட்டே விட்டேன்.

"உங்களுக்குக் கோவமே வரலீங்களா? ஒரு நாளு கெடச்சுது, அதையும் பாதியில உட்டுப்போட்டுப் போயிட்டாரே?"

அம்மா என்னை விநோதமாகப் பார்த்தார்.

"போனதத்தான் நீ இத்தன நாளா நெனச்சுட்டிருக்கியா?" என்றார். "கரண்ட் வந்தப்பறமும் உங்கப்பன் உக்காந்திருந்தாரே கண்ணு. நான் கையெக் கழுவற வரைக்கும் உக்காந்திருந்தாரு."