ருக்மணி அக்காவின் எட்டு வயதுப் பர்மா பாஷை

செல்போனில் ருக்மணி அக்காவின் பெயரைப் பார்த்ததும், எடுத்த எடுப்பிலேயே, "என்ன ரங்கூன் ராணி, இருக்கீங்களா, கிளம்பிட்டீங்களா?" என்றேன். தினமும் காலையில் நான் இப்படிக் கேட்பேன். "உன் இட்லியைத் தின்னே சாகல, இனிமேயா சாகப்போறேன்?" என்று அவர் திருப்பிக் கொடுப்பார். அன்றோ, "சித்தி, நான் மீனா பேசறேன்" என்று அவர் மகளின் குரல் வந்தது. அம்மா போய்விட்டாராம். கரண்டியை மாவிலேயே போட்டுவிட்டு அக்கா வீடு இருக்கிற பெஹாலாவுக்குப் பஸ் ஏறினேன்.

இரங்கல் கூட்டத்தில் படிக்க நீதான் எழுத வேண்டும் என்று நம் கல்கத்தாத் தமிழ்ச் சங்கத்தார் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவள் நான். கரியாஹாட் நடைபாதையில் என் இட்லிக் கடைப் பலகையில் விலையை எழுதுவதோடு சரி. ஆனாலும் யோசித்துப் பார்த்தேன். படித்தவர்கள் எழுதினால் அக்காவை ஒரு தியாகியாக்கி, மாலை போட்டு, சுவரில் மாட்டிவிடுவார்கள். அவரோ முறுக்குக்கு உப்புப் போட மறந்துவிட்டு, "பிளட் பிரஷர்காரங்களுக்காகப் பண்ணினேன்" என்று கூசாமல் விற்றவர். உங்களில் பாதிப் பேர் அதை வாங்கித் தின்றிருக்கிறீர்கள். அதனால் நானே எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது ரங்கூனில். அப்பாவுக்கு அங்கே மளிகைக் கடை. கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டு நம்மவர்களைக் கப்பல் ஏற்றியபோது அக்காவுக்கு எட்டு வயது. மெட்ராஸில் வளர்ந்து, கல்யாணமாகிக் கல்கத்தா வந்தவர். அந்தக் கப்பல் கதையை அவர் அழுது சொல்லி நான் கேட்டதில்லை. "துறைமுகத்துல எங்கம்மாவுக்கு அந்தப் பாஷை சரியா வராது. அம்மா சொன்னது ஒண்ணு, நடுவுல நின்னு சொன்னவன் அதிகாரிகிட்ட சொன்னது வேற ஒண்ணு. என் காதுத் தோட்டைக் கழட்டிட்டாங்க. ஈர்க்குச்சியைச் சொருகிக்கிட்டு வந்தேன்" என்பார். உடனே, "நல்லவேளை, மூக்கு குத்தியிருக்கல" என்று அவரே சிரிப்பார்.

சில வருடங்களுக்கு முன் ஒரு நாள், என் கடையில் வழக்கமாக டிபன் சாப்பிடும் வங்காளி வக்கீல் சுதேஷ்ணா தீதி, இட்லியைப் பிட்டபடியே, "உங்கள் ஆட்களில் யாருக்காவது பர்மிய மொழி தெரியுமா?" என்று கேட்டார். நிலார் என்று ஒரு சின்னப் பெண். பர்மாவில் ராணுவம் ஊரை எரித்தபோது ஓடி வந்தவள். காகிதம் இல்லாமல் எல்லை தாண்டியதற்காகச் சிறையில் இருந்தாள். தண்டனை முடியப்போகிறது. முடிந்ததும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அனுப்பினால் அங்கே உயிர் தப்பாது என்று நீதிபதியிடம் சொல்ல வேண்டும். ஆனால் என்ன நடந்தது என்று அவளிடம் கேட்க ஆள் இல்லை. நான் அக்காவைக் கைகாட்டிவிட்டேன்.

"உனக்கு அறிவிருக்காடி?" என்று அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். "பசிக்குது, பொம்மை குடு, அடிக்காதே, அம்மா எங்க. இதுதான் எனக்குத் தெரிஞ்ச பர்மா பாஷை. எட்டு வயசோட நின்னுபோச்சு. கோர்ட்டுல போய் பொம்மை கேக்கவா?"

"கேளுங்க, குடுத்தாலும் குடுப்பாங்க" என்றேன்.

போனார். முழங்கால் வலிக்காரர் என்பதால் துணைக்கு நானும் போனேன். வக்கீல் சந்திக்கிற அறைக்குள் என்னை விடவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே ஒரு பெண் வாய்விட்டுச் சிரித்தாள். சிறையில் சிரிப்புச் சத்தம் கேட்டதும் காவலுக்கு நின்ற அம்மா பதறிப்போய் எட்டிப் பார்த்தார். நடந்தது இவ்வளவுதான். ரங்கூன் தெருவில் தன்னைவிடப் பெரிய பெண்களை எல்லாம் அக்கா என்று கூப்பிட்டு வளர்ந்தவர், பழக்க தோஷத்தில் இந்தப் பெண்ணையும் அந்தப் பாஷையில் அக்கா என்று கூப்பிட்டுவிட்டார். தலை நரைத்த கிழவி, பேத்தி வயதுப் பெண்ணை! அதுவும் சின்னப் பிள்ளை கொஞ்சுகிற மாதிரி. மாதக்கணக்கில் வாய் திறக்காமல் இருந்தவள் சிரித்தாளாம். பிறகு அக்காவின் மடியில் தலையை வைத்துக்கொண்டாளாம்.

தீதியின் கேள்விகளில் இருந்த பெரிய வார்த்தை எதுவும் அக்காவுக்குத் தெரியாது. கைது, சித்திரவதை, அடக்குமுறை எல்லாம் எட்டு வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? அதனால், "உன் வீட்டுக்கு யார் வந்தா? நீ எங்கே ஒளிஞ்ச? அப்புறம்?" என்று குழந்தை கேட்பது போலத்தான் கேட்டிருக்கிறார். அவளும் குழந்தைக்குச் சொல்வது போல மெதுவாகச் சொல்லியிருக்கிறாள். புரியாத இடம் வந்தால் அக்கா நிறுத்திவிடுவார். "ஏறக்குறைய என்ன என்று சொல்லுங்கள், போதும்" என்று தீதி அவசரப்பட்டபோது, "ஏறக்குறையச் சொல்லித்தான்மா என் தோடு போச்சு. இங்க போகப்போறது ஒரு உசுரு" என்றாராம். ஒரே நாளில் முடிய வேண்டிய வேலை பல தடவை இழுத்தது. ஒவ்வொரு தடவையும் தீதி தலையில் கை வைத்துக்கொள்வார். அக்கா அசையமாட்டார்.

என் குணம் உங்களுக்குத் தெரியும். கரியாஹாட்டில் யார் வீட்டில் என்ன சண்டை என்பது சண்டை முடிவதற்குள் எனக்கு வந்துவிடும். முதல் நாள் திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே ஆரம்பித்தேன்.

"என்னக்கா சொன்னா அந்தப் பொண்ணு?"

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எங்கிட்ட சொன்னா என்னக்கா? ஒரு மசால் தோசை தரேன்."

"தோசையைக் கொண்டா. திங்கறதுக்கு மட்டும் வாயைத் திறக்கறேன்."

"நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்கா."

அக்கா அப்போதுதான் என்னைப் பார்த்தார். அன்று அவர் முகத்தில் கேலி இல்லை. "அவகிட்ட மிச்சமிருக்கிறது அது ஒண்ணுதான்டி. அதையும் எடுத்து உன் கடையில சட்னியா ஊத்தச் சொல்றியா?"

கோபித்துக்கொண்டு இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கிவிட்டேன். மறுநாள் அக்காவிடமிருந்து முறுக்கு வந்தது. அதில் உப்பு இருந்தது.

டெல்லியில் அகதிகள் விஷயத்தைப் பார்க்கிற அலுவலகம் முடிவு சொல்லும்வரை நிலாரை அனுப்பக் கூடாது என்று நீதிபதி சொன்னார். நாளாகி அவள் வெளியே வந்தாள். பெஹாலாவில் அக்கா வீட்டு மாடி அறையில் தங்கி, பக்கத்தில் ஒரு தையல் கடையில் வேலைக்குப் போனாள். தெருவில் சும்மா இருப்பார்களா? யார் இது, எந்த ஊர், எப்படி வந்தாள் என்று அந்தத் தெரு வங்காளிக்காரர் ஒருவர் விடாமல் கேட்டார். "இவ காகிதம் வக்கீல்கிட்ட இருக்கு. இவ கதை இவகிட்ட இருக்கு. என்கிட்ட இருக்கிறது டீ. குடிக்கிறீங்களா?" என்றார் அக்கா, தன்னுடைய ஓட்டை வங்காளத்தில். அந்த மனிதர் டீ குடித்துவிட்டுப் போனார். அப்புறம் கேட்கவில்லை.

அக்காவின் காரியம் முடிந்த பிறகு ஒரு மத்தியானம் நிலார் தனியாக என் கடைக்கு வந்தாள். எப்போது வந்தாலும் அக்காவின் முதுகுக்குப் பின்னால் நிற்பாள், தரையைப் பார்த்தே தின்பாள், போய்விடுவாள். கூச்ச சுபாவம் என்று நினைத்திருந்தேன். அக்காவை அம்மா என்றும் என்னை மாஷி, அதாவது சித்தி, என்றும்தான் கூப்பிடுவாள். ஸ்டூலில் உட்கார்ந்து, நன்றாகப் பழகிவிட்ட வங்காளத்தில் கேட்டாள்.

"மாஷி, அம்மா உங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லியிருப்பாங்க, இல்லையா?"

"எதை?"

"எனக்கு அங்கே நடந்ததை. உங்களுக்குத் தெரியும்னு நினைச்சுத்தான் இத்தனை நாளும் உங்க முகத்தைப் பார்க்க முடியல."

அடுப்பை அணைத்தேன். "ஒண்ணும் சொல்லல, கண்ணு. நான் கெஞ்சினேன், சண்டை போட்டேன், பேசாமகூட இருந்தேன். அந்தக் கல்லுளிமங்கி ஒரு வார்த்தை சொல்லல."

"ஒரு வார்த்தைகூடவா?"

"ஒண்ணுகூட."

தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். அவள் கண் கொஞ்சம் பூனைக்கண் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ரொம்ப நேரம் அழுதாள். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, இன்னும் ஒரு பிளேட் கேட்டாள். தின்றபடியே சொன்னாள்: தீதி கூப்பிட்டிருக்கிறாராம். பர்மாப் பக்கத்திலிருந்து இன்னொரு குடும்பம் பிடிபட்டிருக்கிறதாம். அவர்கள் பாஷையைக் கேட்டுச் சொல்ல, அக்கா இடத்தில் இனி அவள் போகிறாளாம்.

"கேட்டதை யார்கிட்டயும் சொல்லக் கூடாது, இல்ல மாஷி?"

"சொல்லக் கூடாது. முக்கியமா என்கிட்ட."

அக்காவிடமிருந்து மீனாவுக்குச் சங்கிலி வந்தது, நிலாருக்கு மாடி அறை. எனக்கு வந்தது, எனக்குத் தெரியாத ஒரு விஷயம். இத்தனை பெரிய வாயை வைத்துக்கொண்டு அதைக் கேட்காமலே காப்பாற்றுவேன், ரங்கூன் ராணி.