சத்தக்காவின் பீங்கான் தட்டுகள்

எங்கள் ஸ்டூடியோவுக்கு அவள் முதன்முதலாக வந்த அன்று காவலாளி வாசலிலேயே மறித்துவிட்டார். தோளில் ஒரு சாக்கு மூட்டை. அதற்குள் ஓட்டைக் குடை, ஒற்றைச் செருப்பு, கழற்றிய தாழ்ப்பாள், துருப்பிடித்த சைக்கிள் செயின்.

“பழைய சாமானெல்லாம் இங்க எடுக்கறதில்லம்மா.”

“நல்லதாப் போச்சு. நானும் விக்கறதா இல்ல” என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தாள்.

படங்களுக்கு ஒலி சேர்ப்பவள் அவள். குடையைப் படபடவென்று விரித்து மூடினால் புறாக்கூட்டம் பறக்கும். சரளைக்கல் பெட்டியில் இரண்டு பூட்ஸைக் கையில் மாட்டிக்கொண்டு நடத்தினால் ஒரு படையே வரும். பள்ளிக்கூடத்தில் மேசையைத் தட்டித் தாளம் போட்டதற்காக வாரத்தில் மூன்று நாள் வகுப்புக்கு வெளியே நின்றவள். “வெளிய நின்னதுலதான் காது தொறந்துச்சு” என்பாள். வானொலி நாடகங்களில் பன்னிரண்டு வருடம் இடி இடித்து, மழை பெய்து, கதவு சாத்திவிட்டு எங்களிடம் வந்தாள். சத்தம் போடுகிற அக்கா என்பது சுருங்கி சத்தக்கா ஆயிற்று. அவளைவிட மூத்தவரான இயக்குநரும் அப்படித்தான் கூப்பிட்டார்.

அப்போது தொலைக்காட்சிக்காகப் பதின்மூன்று பகுதி கார்ட்டூன் தொடர் ஒன்று செய்துகொண்டிருந்தோம். நாற்பத்தைந்து வருடங்களுக்கு முன் எங்கள் நாட்டில் நடந்த விடுதலைப் போரை எட்டு வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். வசனம் நான். அதற்கு முன் சோப்பு விளம்பரம் எழுதிக்கொண்டிருந்தவன் என்பதால் என் வீரர்கள் கொஞ்சம் பளபளப்பாகவே பேசினார்கள்.

முதல் பகுதியை ஒரு பள்ளியில் போட்டுக் காட்டினோம். தெருச் சண்டைக்கு சத்தக்கா போட்ட வெடிச்சத்தத்தில் ஜன்னல் அதிர்ந்தது. பிள்ளைகள் பெஞ்சின் மேல் ஏறிக் குதித்தார்கள். “டுமீல்! பதினேழு பேர் காலி!” என்று ஒருவன் எண்ணிச் சொன்னான். இயக்குநருக்கு வாயெல்லாம் பல்.

சத்தக்கா முன்வரிசைச் சிறுமியிடம் குனிந்து, “இதுல நல்லவங்க யாரு கண்ணு?” என்று கேட்டாள்.

“நிறைய சுட்டவங்க.”

வேனில் திரும்பினோம். ஸ்டூடியோ வாசலில் இறங்கியதும் அவள் சொன்னாள்: “சார், அந்தச் சத்தத்தப் போட்டது நான். நானே எடுத்துடறேன்.”

“எடுத்துட்டு? போர்னா துப்பாக்கி வெடிக்காதா அக்கா?” என்றார் இயக்குநர்.

“வெடிச்சிருக்கும். வீட்டுக்குள்ள இருந்தவங்களுக்கு என்ன கேட்டுச்சு? அத நாம யாரும் விசாரிக்கலையே.”

விசாரிக்க ஆள் அவள் குடும்பத்திலேயே இருந்தார். அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்த அக்கா, மருந்துக்கடை நடத்துபவர். நாங்கள் பெரியக்கா என்போம். அவர்களுடைய அப்பா அச்சகத் தொழிலாளி. ‘நம் நாட்டை நாமே ஆள்வோம்’ என்ற துண்டறிக்கையைத் திருட்டுத்தனமாக அச்சடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தவர் என்பதுவரை சத்தக்காவுக்குத் தெரியும். அதற்கு மேல் கேட்டால் பெரியக்கா பேச்சை மாற்றிவிடுவார்.

அன்று நானும் கூடப் போனேன். பெரியக்கா மாத்திரைகளை உறையில் போட்டுக்கொண்டிருந்தார்.

“என்ன நடந்துச்சுன்னு கேக்கல. என்ன சத்தம் கேட்டுச்சு, அத மட்டும் சொல்லு” என்றாள் தங்கை.

பெரியக்காவின் கை நின்றது. “தட்டு” என்றார்.

“என்ன தட்டு?”

“அலமாரில இருந்த பீங்கான் தட்டு. தெருவுல ராணுவ லாரி வந்தா எல்லாம் ஒண்ணோட ஒண்ணு உரசி கிணிகிணின்னு நடுங்கும். அதுக்கு நாங்க பயப்பட மாட்டோம். நடுங்கறது சட்டுனு நின்னாதான் பயம். நின்னா, லாரி நம்ம வாசல்ல நிக்குதுன்னு அர்த்தம்.”

பெரியக்கா இன்றைக்கும் ஒவ்வொரு தட்டுக்கும் நடுவில் துணி வைத்துத்தான் அடுக்குகிறார். கீறல் விழாமலிருக்க என்றே இத்தனை வருடமும் தங்கை நினைத்திருந்தாள்.

“ஒரு நாள் நின்னுச்சு” என்று தொடர்ந்தார் பெரியக்கா. “அறிக்கைக் கட்டு உன் தொட்டில்ல, உனக்குக் கீழ. உனக்கு அப்ப ஏழு மாசம். சிணுங்க ஆரம்பிச்ச. என் விரல உன் வாயில குடுத்தேன். சூப்பிக்கிட்டே தூங்கிட்ட. வந்தவன் வீட்டையே கொட்டிக் கவுத்தான். தொட்டில எட்டிப் பாத்தான். தூங்கற குழந்தைய எழுப்ப அவனுக்கும் மனசு வரலபோல. போயிட்டான்.”

சத்தக்கா கல்லாப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “அப்ப நானும் போர்ல இருந்திருக்கேன்.”

“இருந்த. நல்லா தூங்கின” என்றார் பெரியக்கா.

முதல் பகுதியின் கதையே மாறிற்று: தெருச் சண்டை போய், தொட்டிலும் பாப்பாவும் விரல் கொடுத்த அக்காவும் வந்தார்கள். இயக்குநர் முணுமுணுத்துக்கொண்டேதான் சம்மதித்தார். படம் வரைபவர்கள் மூன்று வாரம் புதிதாக வரைந்தார்கள். ஒலிப்பதிவன்று பெரியக்கா கடையைப் பூட்டிவிட்டு, துணி சுற்றிய தட்டுகளோடு தானே வந்துவிட்டார். தங்கை உரசியதை ஒரு நிமிடம் கேட்டார். “இது கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி இருக்கு. தள்ளு.” ஒலிவாங்கி முன் உட்கார்ந்து, தட்டுகளின் விளிம்பில் விரல் வைத்து மெல்ல நடுங்கவிட்டார். சட்டென்று நிறுத்தினார். அறையிலிருந்த எங்கள் ஐந்து பேருக்கும் மூச்சு நின்றது.

தொட்டிலருகே நிற்கும் அந்த அக்கா சிறுமிக்கு நான் நான்கு வரி வீரவசனம் எழுதியிருந்தேன். சத்தக்கா என்னைத் தனியே கூப்பிட்டாள். “எழுத்தாளரே, வசனம் அருமை. ஆனா எதையாவது ஒளிச்சு வெச்சிருக்கறவங்க மேடையில பேசற மாதிரி பேச மாட்டாங்க.” நான்கு வரியையும் அடித்தேன். என் தொழிலில் நான் செய்த நல்ல காரியங்களில் அது ஒன்று.

அதே பள்ளி, அதே பிள்ளைகள். இந்த முறை பெரியக்காவும் கூட வந்திருந்தார். தட்டுகள் நடுங்கின, நின்றன. முன்வரிசைச் சிறுமி தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். அவளைப் பார்த்து அடுத்தவள், பிறகு பின்வரிசை. நாற்பது பிள்ளைகளும் அந்தப் பாப்பாவை எழுப்பிவிடாமல் காத்துக்கொண்டிருந்தார்கள். திரையில் படைவீரன் வெளியேறியதும்தான் எல்லோரும் ஒன்றாக மூச்சு விட்டார்கள்.

விளக்கைப் போட்டதும் கேள்விகள் பிய்த்துக்கொண்டு வந்தன. “நம்ம நாட்ட நாமே ஆளணும்னு எழுதினா தப்பா? அதுக்கா வீட்டுக்குள்ள வந்தாங்க?”

“அப்ப தப்புன்னாங்க. தப்பில்லன்னு ஆக்கறதுக்குத்தான் அவ்வளவு பாடும்” என்றார் பெரியக்கா.

“அந்தப் பாப்பா பொழச்சுதா?” என்று கேட்டாள் முன்வரிசைச் சிறுமி.

“பொழச்சுது. அதோ, ஸ்பீக்கர் பக்கத்துல வயர் சுத்திக்கிட்டு நிக்குது பாரு” என்று கை நீட்டினார் பெரியக்கா.

பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு கைதட்டினார்கள் பாருங்கள், ஜன்னல் மறுபடியும் அதிர்ந்தது. ஊரையே இடியால் உலுக்கியவள், கையில் வயரோடு, என்ன செய்வதென்று தெரியாமல் வெட்கப்பட்டு நின்றாள்.

தொடர் வாரம் ஒரு பகுதியாக மாலை ஐந்து மணிக்கு ஒளிபரப்பானது. இரண்டாம் வாரத்திலிருந்து பிள்ளைகளின் கடிதங்கள் வரத் தொடங்கின. பெரும்பாலும் தங்கள் வீட்டில் விசாரித்து எழுதியவை. ஒரு பெண்ணின் பெரியப்பா தண்ணீர் வண்டிக்குள் காயம்பட்டவர்களை ஒளித்துக் கொண்டுபோயிருக்கிறார். ஒருவனுடைய அத்தை பாலத்துக் காவலர்களிடம் வேண்டுமென்றே வாய்ச்சண்டை போட்டு, பின்னால் மூன்று பேரைத் தப்பவிட்டிருக்கிறார். அவற்றிலிருந்தே கடைசி ஆறு பகுதிகளை எழுதினேன்.

பெரியக்கா மருந்துக்கடையில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வாங்கி மாட்டினார். தொடர் வரும் நாளில் ஐந்து மணிக்கு யார் மருந்துச் சீட்டை நீட்டினாலும் பெஞ்சைக் காட்டுவார். “மாத்திரை எங்கயும் ஓடிப்போகாது. உக்காருங்க. என் தங்கச்சி சத்தம் போடறா, கேளுங்க.”