கண் திறக்காத ராணி

என் அம்மா செத்தபோது கும்பிட ஒரு படம் இல்லை. விளக்கை ஏற்றி வைத்துவிட்டு வெறும் சுவரைக் கும்பிட்டோம். கொஞ்ச வருசத்திலேயே அம்மாவின் மூக்கு எப்படி இருந்தது என்பதுகூட எனக்கு மறந்துபோனது. அதனால்தான், போர்டு எழுதுகிற ஒருவருக்கு என்னைக் கட்டிக்கொடுத்தபோது எனக்கு அப்படி ஒரு சந்தோசம். படம் போடத் தெரிந்த மனுசன், என் முகமாவது மிஞ்சும் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நான் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தேன். அவருக்கு ஹட்டன் டவுனில் வேலை. கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவார், படக்கொட்டகைக்கு விளம்பரத் தட்டி வரைவார். வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகச் சீமைக்குக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் துரை போகும்போது பங்களாவில் கழித்துப்போட்ட சாமான்களில் ஒரு தடித்த படப்புத்தகம் இவர் கைக்கு வந்தது. இத்தாலி தேசத்தில் எந்தக் காலத்திலோ வரைந்த ராசா, ராணி, பாதிரிமார் படங்கள். அதில் ஒரு சீமாட்டிக்குப் புருவமே இல்லை. கரப்பான் பூச்சி தின்றுவிட்டதா என்று கேட்டேன். இவர் சிரிக்கவில்லை.

அந்தப் புத்தகத்தை வைத்து இவர் ஒரு புதுத்தொழில் கண்டுபிடித்தார். உடம்பு, உடுப்பு, மோதிரம் எல்லாம் சீமைப் படத்தில் உள்ளபடி. முகம் மட்டும் சினிமாக்காரர் முகம். சிவப்புத் தொப்பி போட்ட ராசாவுக்கு வாள்சண்டை நடிகரின் மீசை. கன்னம் தொங்கிய பாதிரியாருக்குச் சிரிப்பு நடிகரின் முழி. டவுனில் ஒரு சலூன்காரர் இரண்டையும் வாங்கி மாட்டினார். முடிவெட்ட வந்தவர்களைவிட வேடிக்கை பார்க்க வந்தவர்கள்தான் அதிகம். அடுத்து ஒரு ராணி வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

ராணிக்கு அந்தப் புருவமில்லாத சீமாட்டியை எடுத்துக்கொண்டார். மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கை, புத்தகத்தைப் பார்த்து இவருக்கு வரவில்லையாம். பழகிப் பார்க்க வேண்டும் என்று என்னை உட்காரச் சொன்னார்.

"உக்காருறேன். ஆனா மொகமும் என் மொகமாத்தான் இருக்கணும்," என்றேன்.

"பின்ன யாரு மொகத்த வைப்பேன்? இது உன் படம் புள்ள."

சலூனுக்கு வேறொன்று போட்டுக்கொள்ளலாம், இதை நம் காம்பராவிலேயே மாட்டலாம் என்றார். தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் எங்களுக்கென்று இருந்தது அந்த ஒற்றை அறைதான். எந்தச் சுவரில் மாட்டுவது என்று அன்றைக்கே பார்த்து வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பங்களாவின் பழைய பச்சைத் திரைச்சீலையைப் போர்த்திக்கொண்டு இடுப்பொடிய உட்கார்ந்திருப்பேன். பலகையை எட்டிப் பார்க்கப் போனால் இவர் சாக்கை இழுத்து மூடிவிடுவார். கண் திறக்காத படத்தைப் பார்க்கக் கூடாது, தெரியாதா என்பார். தெரியாமல் என்ன? எங்கள் மாரியம்மன் கோயிலுக்குப் புதுச்சிலை வந்தபோது, கண் திறக்கும்வரை துணியை விலக்க யாரையும் விடவில்லை. சாமிக்கு உள்ளது படத்துக்கும் உண்டு என்று நம்பி, இவர் இல்லாத நேரத்தில்கூட அந்தச் சாக்கைத் தொடவில்லை.

ஒரு நாள் காலையில் பெரட்டுக்களத்தில், வேலைக்குப் பேர் கொடுக்க நிற்கும்போது, பெண்கள் என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பக்கத்துக் காம்பராக்காரிதான் விசயத்தை உடைத்தாள். அவள் புருசன் முடிவெட்டப் போன இடத்தில் புது ராணியைப் பார்த்திருக்கிறான். முகம் ஒரு நடிகையின் முகமாம். முன்கையில் மட்டும் நான் சின்ன வயதில் குத்திக்கொண்ட தேள் பச்சையாம். இவர் கையை அவ்வளவு ஒழுங்காகப் பார்த்து வரைந்திருக்கிறார்.

டவுனுக்குப் போய் சலூன் வாசலில் நின்று பார்த்தேன். படத்தில் ராணிக்குப் பின்னால் இறம்பொடை அருவி கொட்டிக்கொண்டிருந்தது. என் கையை மடியில் வைத்துக்கொண்டு அந்தம்மா பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் லயமே வாசலுக்கு வந்துவிட்டது. தோட்டத்துப் பொம்பளை முகத்தை எவன் பார்ப்பான் என்று சலூன்காரர் கேட்டாராம். அதனால்தான் நடிகை முகத்தோடு அவருக்கே கொடுத்துவிட்டேன் என்றார் இவர். கடைசியில் என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார்.

"உன் மொகத்தத்தான் மொதல்ல போட்டேன். அதுக்கு மேலதான் அந்தம்மாவப் பூசுனேன். அடியில நீதான் இருக்க."

அதை நான் நம்பினேன் பாருங்கள், அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. டவுனுக்குப் போகும்போதெல்லாம் அந்தச் சலூன் வாசலில் கொஞ்சம் நிற்பேன். ஊரே அந்தம்மாவைப் பார்க்கிறது, உள்ளே இருப்பது நான் என்று எனக்குத்தானே தெரியும் என்று மனசைத் தேற்றிக்கொள்வேன். இரண்டு பிள்ளைகள் பிறக்கும்வரை இப்படியே தேற்றிக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்த நடிகைக்கு மவுசு போய்விட்டது. சலூன்காரர் படத்தைக் கழற்றினார். நானே கேட்டு வாங்கிச் சுமந்துகொண்டு வந்தேன். இவருடைய டர்பன்டைனில் துணியை நனைத்துத் தேய்த்தேன். காய்ந்த சாயம் விடாத இடத்தில் கத்தியால் சுரண்டினேன். அந்தம்மாவின் பல் போனது, கன்னம் போனது. அடியில் இருக்கும் என் மூக்கில் கத்தி பட்டுவிடக் கூடாதே என்று அவ்வளவு பதனமாகச் சுரண்டினேன். அடியில் வெள்ளைப்பூச்சு இருந்தது. அதன்மேல் முட்டை மாதிரி ஒரு பென்சில் வளையம். வேறொன்றுமே இல்லை. நான் இடுப்பொடிய உட்கார்ந்திருந்த ஞாயிறெல்லாம் அந்த இடத்தை இவர் இன்னொருத்திக்காகக் காலியாக வைத்திருந்திருக்கிறார்.

வேலை முடிந்து வந்தவர் பலகையைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார். எனக்கு அழுகைகூட வரவில்லை. பென்சிலை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"அந்தம்மா மொகத்தக் கண்ண மூடிக்கிட்டு வரையிறீங்கல்ல? என் மொகத்தயும் அப்படி வரைங்க."

சொல்லிவிட்டு அவருக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது. நான் எழுந்திருக்கவில்லை. பலகையில் பென்சில் உரசுகிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

வெகுநேரம் கழித்து இவர் சொன்னார்:

"கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பு புள்ள."